ஸ்டியரிங் திடீரெனப் பாரமாவது ஏன்?

மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன மார்கழி மழைக்குள் தன் காரை என் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினார். "தம்பி, மறுகாவும் பாரமாப் போயிட்டு. கிறுக்க ஏலாமக் கிடக்கு" என்றார். காலையில் ஒன்றும் இல்லையாம். ஆரையம்பதிக்குப் போய்வந்தாலும் ஒன்றும் இல்லையாம். பின்னேரம் மழைக்குள் லைட், வைப்பர், ஏசி மூன்றையும் போட்டுக்கொண்டு சந்தையடியில் ரிவர்ஸில் நிறுத்தப் பார்த்தால்தான் டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்து ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறதாம். வேறோர் இடத்தில் காட்டியபோது ஸ்டியரிங் கொலத்தையே, அதாவது ஸ்டியரிங் வளையத்தின் கீழே உள்ள தண்டையும் அதோடு சேர்ந்த மோட்டரையும், முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விலை அவர் முகத்திலேயே தெரிந்தது.

சேர் சொன்ன அந்த நாலு வரியில் பாதி விடை இருந்தது. ஓடும்போது சரி, நிற்கும்போது பிழை. காலையில் சரி, மழைப் பின்னேரத்தில் பிழை. கொலம் பழுதென்றால் அதற்குக் காலையும் மாலையும் தெரியாது. நேரம் பார்த்து வருகிற கோளாறு என்றால் மின்சாரம் எங்கோ போதாமல் போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஏன் அப்படி என்று விளங்க, இந்த ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பழைய பவர் ஸ்டியரிங்கில் எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். எண்ணெய் ஒழுகினால் நிலத்தில் தெரியும், பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். கோளாறைக் கண்ணாலும் காதாலும் பிடிக்கலாம். மின்சாரப் பவர் ஸ்டியரிங், அதாவது இ.பி.எஸ்., முதலில் வந்தது 1988இல் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில். இன்றைக்கு நம்முடைய வீதிகளில் ஓடுகிற வேகன் ஆர், விட்ஸ், அக்வா, ஃபிட் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். எண்ணெயும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கம்பி ஒரு சிறிதளவு முறுகும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுகியது என்பதை டோர்க் சென்சர் அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி வாகனத்தின் வேகத்தையும் பார்த்து, மோட்டருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்று முடிவெடுக்கும். மோட்டர் பல்சக்கரம் வழியாகத் தண்டைத் தள்ளும். சின்னக் கார்களில் இந்த மோட்டர் பெரும்பாலும் டாஷ்போர்டின் கீழே, கொலத்தோடு சேர்ந்து இருக்கும். பெரிய கார்கள் சிலவற்றில் கீழே, சக்கரங்களைத் திருப்புகிற ரேக்கிலேயே பூட்டியிருப்பார்கள்.

வேகம் கூடும்போது பெட்டி உதவியைக் குறைத்துவிடும், ஏனென்றால் ஓடுகிற காரைத் திருப்பப் பெரிய பலம் தேவையில்லை. நிற்கிற காரின் டயரைத் தாரில் தேய்த்துத் திருப்புவதற்குத்தான் அதிகபட்ச பலம் வேண்டும். சின்னக் காரிலேயே அந்த நேரத்தில் மோட்டர் 30, 40 அம்பியர் இழுக்கும். இதைவிடக் கூட இழுப்பவையும் உண்டு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 9 அம்பியர்தான். அப்படியென்றால் ஒரு தரிப்பிடத்தில் வளையத்தை ஒடித்துத் திருப்புகிற அந்த மூன்று நான்கு விநாடியில் நாலு சோடி ஹெட்லைட்டைத் திடீரென்று போட்ட அளவு சுமை வருகிறது. அதே நேரத்தில் எஞ்சின் ஐடிலில் நிற்பதால் மின்சாரம் தருகிற ஓல்டர்னேட்டர் தன் முழுப் பலத்தையும் கொடுக்க முடியாமல் இருக்கிறது. கூடவே ஏசி, ரேடியேட்டர் விசிறி, வைப்பர், லைட். சேருடைய மழைப் பின்னேரம் இதுதான்.

சரி, இப்போது கணக்கு. ஓம் விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே தொலைகிற வோல்ற். பாதையில் எங்கோ ஒரு போல்ட் கறள் பிடித்து 0.1 ஓம் தடை வந்திருக்கிறது என்று வையுங்கள். ஹோர்னுக்கோ சின்ன பல்புக்கோ அது பெரிய விஷயமில்லை. 40 அம்பியர் போகும்போது அங்கேயே 4 வோல்ற் தொலைந்துவிடும். 14 வோல்ற் புறப்பட்டு 10 வோல்ற் போய்ச் சேரும். ஏறத்தாழ அந்த எல்லைக்குக் கீழே போனால் பெரும்பாலான இ.பி.எஸ். பெட்டிகள் உதவியைக் குறைக்கும், அல்லது முழுதாக நிறுத்திவிட்டு மஞ்சள் லைட்டைப் போட்டுவிடும். எஞ்சினை நிறுத்தித் திரும்பப் போட்டால் லைட் போய்விடும், ஸ்டியரிங் இலகுவாகிவிடும். "தானாகச் சரியாப் போச்சு" என்று ஆட்கள் நினைப்பது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் பலர் மல்டிமீற்றரை வைத்துக்கொண்டே ஏமாறுகிறார்கள். கொலத்துக்கு வருகிற கனெக்டரைக் கழற்றுவார்கள், மீற்றரைக் குத்துவார்கள், 12.5 வோல்ற் காட்டும். "பவர் வருது, அப்ப பெட்டிதான் போயிட்டு" என்று தீர்ப்பு. மீற்றர் வழியே ஓடுகிற மின்சாரம் கணக்கிலேயே வராத அளவு சிறியது. அவ்வளவு சிறிய மின்சாரத்துக்குப் பாதி அறுந்த வயரும் முழு வயரும் ஒன்றுதான். ஒரே ஒரு செப்பு இழை மிச்சமிருந்தாலும் 12.5 காட்டும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் அளவு. கனெக்டரைப் பூட்டியபடியே விட்டு, பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி, எஞ்சினை ஓட விட்டு, ஒருவர் வளையத்தைத் திருப்ப மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் 55 வாற்று ஹெட்லைட் பல்ப் ஒன்றை அந்த வயரில் பூட்டிப் பார்க்கலாம். 4 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதிலேயே மங்கலாக எரிகிற பாதை 40 அம்பியரைத் தாங்காது.

சேரின் காரில் நான் செய்தது இவ்வளவுதான். எஞ்சின் நின்ற நிலையில் பற்றரி 12.5 வோல்ற். எஞ்சின் ஓடும்போது 14.1. இரண்டும் நல்லது. பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை இ.பி.எஸ். பெட்டியின் ஏர்த் வயரிலும், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வயரிலும், வைத்தேன். ஏர்த் வயர் ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒரே இடம் என்றுதான் மீற்றர் சொல்ல வேண்டும். வளையம் சும்மா நிற்கும்போது 0.04 வோல்ற் காட்டியது. "சேர், இடப்பக்கம் முழுசா ஒடிச்சுப் பாருங்க" என்றேன். மீற்றர் 1.9க்கு ஏறியது. விட்டதும் திரும்ப 0.04. இது 0.2 வோல்றைத் தாண்டவே கூடாது. பிளஸ் பக்கமும் அதே மாதிரிப் பார்த்தேன், அங்கே 0.4, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏர்த் பக்கத்தில் மட்டும் இரண்டு வோல்ற் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டாஷ்போர்டின் கீழ், சாரதியின் வலது கால் பக்கம் உள்ள தகட்டில் ஒரு பத்து மில்லிமீற்றர் போல்ட். வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியபோது வளைய டெர்மினலின் அடிப்பக்கம் பச்சையாகக் களிம்பு, தகட்டில் செம்மண் நிறத்தில் கறள், இரண்டுக்கும் நடுவில் ஈரம். கால்மிதியின் கீழே விரிப்பும் ஊறித்தான் இருந்தது. பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு, தகட்டைப் பளபளவென்று வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதிய டெர்மினல் அடித்து, போல்ட்டை இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசினேன். இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும். முதலிலேயே பூசிவிட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது உலோகத்தோடு உலோகம் ஒட்டுவதைக் கெடுக்கும். திரும்ப அளந்தேன்: முழுதாக ஒடித்தபோதும் 0.06. கொலம் அப்படியே நல்லபடி இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிற இடத்தையும் தேடி அடைத்தோம், இல்லையென்றால் அடுத்த மார்கழியில் சேர் திரும்ப வருவார்.

நம்முடைய பக்கத்தில் இந்தக் கோளாறு இவ்வளவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலம். உப்புக் காற்று இரண்டு பக்கத்தாலும் வருகிறது. செப்பு வயரில் பிடிக்கிற பச்சைக் களிம்பு உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும், வெளியே வயர் புதிது மாதிரி இருக்கும், அமத்திப் பார்த்தால் உள்ளே தூள். வாழைச்சேனைப் பக்கம் மீன் பெட்டி ஏற்றுகிற வாகனங்களில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் விரிப்பின் கீழே வயர்க் கட்டில் தேங்கி நிற்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். இரவில் எஞ்சின் சூட்டுக்குப் பொனட்டுக்குள் ஏறி வயரைக் கடித்த வாகனங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்புறம் வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளத்தில் நின்ற வாகனங்களைப் பற்றி இன்னும் பேசுகிறோம். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி விற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆசனத்துக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் தலையையும் கால்மிதிக்குக் கீழே உள்ள கனெக்டர்களையும் பார்த்தால் தெரியும். ரேக்கில் மோட்டர் உள்ள வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தையே எல்லோரும் வைத்து ஓட்டினார்கள். அதனால் நம் ஊரில் ஓடுகிற இ.பி.எஸ். கார்கள் நிறைய வயதானவை. பத்து வருடம் உப்புக் காற்றில் நின்ற ஏர்த் போல்ட்டுக்கு என்ன நடக்கும் என்பதை மேலே சொன்னேன்.

பற்றரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுதாக ஏறிய நல்ல பற்றரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிகிறது. நம்முடைய வெயிலில் பற்றரி வேகமாகக் கிழடு தட்டும். எஞ்சின் ஓடும்போது எல்லாச் சுமையையும் போட்ட பிறகும் 13 வோல்றுக்கு மேலே நிற்க வேண்டும். மீற்றரை ஆடலோட்ட (ஏ.சி.) வோல்ற் அளவுக்கு மாற்றிப் பற்றரி முனையில் வைத்தால் அரை வோல்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓல்டர்னேட்டரின் டயோட் ஒன்று போயிருக்கலாம். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்டுகளில் ஓல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பற்றரியிலிருந்து ஒரு மாற்றிதான் 12 வோல்ற் பக்கத்துக்குக் கொடுக்கிறது, சின்னப் பற்றரியும் பின்னால் இருக்கும். அந்தச் சின்னப் பற்றரி பலவீனமானால் ஸ்டியரிங் லைட், பிரேக் லைட் என்று ஒரே நேரத்தில் நாலு லைட் எரிந்து ஆளைப் பயமுறுத்தும். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயர்களில் மட்டும் பழக்கமில்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

இ.பி.எஸ். பெட்டிக்கு வருகிற மின்சாரம் ஒரே வழியால் வருவதில்லை. பற்றரியிலிருந்து பெரிய பியூஸ் வழியாகத் தடித்த வயர் ஒன்று வருகிறது, அது மோட்டருக்கு. திறப்பைத் திருப்பினால் சின்னப் பியூஸ் வழியாக மெல்லிய வயர் ஒன்று வருகிறது, அது பெட்டியை எழுப்ப. தடித்த வயர் போனால் பெட்டி விழித்திருக்கும், லைட் போடும், பெட்டிகளோடு பேசுகிற ஸ்கேனர் கருவியில் கோளாறுக் கோட் சொல்லும். மெல்லிய வயர் போனால் பெட்டி தூங்கிவிடும், ஸ்கேனர் கூப்பிட்டாலும் பதில் வராது. எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் யூ0131 (U0131) என்று, ஸ்டியரிங் பெட்டியோடு தொடர்பில்லை என்ற கோட் நிற்கும். அதைப் பார்த்ததும் பெட்டி செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். பத்து அம்பியர் பியூஸ் ஒன்று எரிந்திருந்தாலும் இதே கோட் வரும். பியூஸைக் கண்ணால் பார்த்தும் நம்ப வேண்டாம். திறப்பை ஓன் பண்ணி, பியூஸின் தலையில் தெரிகிற இரண்டு முனையையும் தனித்தனியாக ஏர்த்தோடு அளந்து பாருங்கள்; இரண்டிலும் வோல்ற் வர வேண்டும்.

பவரும் ஏர்த்தும் சரி, இன்னும் பதில் இல்லை என்றால் பிறகு தகவல் வயர். ஸ்கேனரைப் பூட்டுகிற ஓ.பி.டி. சொக்கட்டில் 6ஆம், 14ஆம் முனைகள், பெட்டிகள் தங்களுக்குள் பேசுகிற கேன் வயர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும், ஏனென்றால் இரண்டு அந்தத்திலும் 120 ஓம் வீதம் இணையாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டுகிறது. எலி கடித்த வாகனங்களில் இந்த ஓர் அளவு எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

டோர்க் சென்சர் உண்மையிலேயே பழுதானால் அடையாளம் வேறு. ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் பாரமாகவும் இருக்கும், அல்லது கையை விட்டால் வளையம் தானாக ஒரு பக்கம் இழுக்கும். தானாக இழுத்தால் அந்தக் காரை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். சென்சர் இரண்டு சைகைகள் அனுப்பும். பெட்டி ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்துவராவிட்டால் உதவியை நிறுத்தும். பல வாகனங்களில் வளையம் நடுவில் நிற்கும்போது இரண்டும் 2.5 வோல்றுக்குக் கிட்ட இருக்கும். மெதுவாகத் திருப்பும்போது அளவு வழுக்கிக்கொண்டு மாற வேண்டும், இடையில் குதித்தால் சென்சரோ அதன் கனெக்டரோ பிழை. கனெக்டரை முதலில் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் லைட் வந்து போகிறது என்றால் வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக ஆட்டிப் பார்த்தால் பிடிபடும். இந்தப் பகுதியில் வேலை செய்யும்போது மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. பற்றரியைக் கழற்றி 90 விநாடியாவது பொறுத்த பிறகுதான் அவற்றைத் தொட வேண்டும்.

லைட் எரியாமலே பாரமாக இருந்தால் மின்சாரத்தை விட்டு வேறு இடத்தைப் பாருங்கள். டயரில் காற்றுக் குறைவு மிகச் சாதாரணமான காரணம். எஞ்சினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். டயர் நிலத்தில் படாதபோதும் பாரம் என்றால் அது இயந்திரக் கோளாறு. பாரம், இலகு, பாரம், இலகு என்று ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மாறி மாறி வந்தால் தண்டின் மூட்டில் கறள் பிடித்திருக்கிறது. உப்புக் காற்று அதையும் விடுவதில்லை. இன்னொன்று கோளாறே அல்ல: ஒடுங்கிய ஒழுங்கைக்குள் காரை முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஒடித்துத் திருப்பினால் மோட்டர் சூடாகி, பெட்டி தானே உதவியைக் குறைத்துக்கொள்ளும். சில நிமிடம் விட்டால் திரும்பி வரும். உதவி முழுதாக நின்றாலும் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது, கார் கையை மீறிப் போகாது. பலம் போட்டுத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஓரங்கட்டலாம். இதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், பயத்தில் வளையத்தை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் அளந்து பார்த்தும் கொலம்தான் பழுது என்று வந்தால், பழைய பாட்ஸ் கடையில் ஒன்று எடுக்கலாம். காரின் பெயரும் வருடமும் ஒன்றாக இருந்தால் போதாது; பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரின் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். கனெக்டர் முனைகளில் பச்சை பிடித்திருந்தால் எடுக்க வேண்டாம். பூட்டிய பிறகு, முன் சக்கரங்கள் நேராக நிற்க, வளையத்தில் ஒருவரும் கை வைக்காமல், ஸ்கேனரில் டோர்க் சென்சரின் பூச்சிய நிலையைப் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்தால் புதிதாகப் பூட்டிய கொலமே ஒரு பக்கம் இழுக்கும், ஆட்கள் அதையும் கழற்றி மாற்றுவார்கள்.